சாய்கோட்டுக்குப் பின் இரண்டெழுத்து

காலை ஏழே முக்காலுக்குப் போன் வந்தது. "தம்பி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சைட்டு முழுக்கத் தமிழ்ல வருது. மேலிடத்துல இருந்து ஆள் பாத்துட்டிருக்காங்க."

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன ஜூனியர். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தளம் ஒன்றை எங்கள் சின்ன கம்பெனி செய்து கொடுத்திருந்தது. யாருக்குச் செய்தோம் என்பது இங்கே வேண்டாம். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் பக்கங்கள் உண்டு. ஆனால் முகவரி ஒன்றுதான். வலது மூலையில் 'தமிழ்' என்று ஒரு பட்டன். அழுத்தினால் அதே முகவரியில் அதே பக்கம் தமிழில் வரும். அழுத்தாவிட்டாலும் உங்கள் பிரவுசர் தமிழ் கேட்டால் தமிழ் வரும். முகவரியில் ஒரு எழுத்துகூட மாறாது. நானே எழுதி நானே மெச்சிக்கொண்ட வேலை அது.

தளம் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததால் சர்வருக்கு முன்னால் ஒரு கேஷ் வைத்திருந்தோம். கேஷ் என்பது கொஞ்சம் சோம்பேறியான வாட்ச்மேன் மாதிரி. ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டால் உள்ளே போய் வாங்கிவந்து கொடுப்பார், ஒரு நகலைத் தன் கையில் வைத்துக்கொள்வார். அடுத்து அதே முகவரியைக் கேட்பவருக்கு உள்ளே போகாமல் அந்த நகலையே நீட்டிவிடுவார். முகவரி ஒன்றென்றால் பக்கமும் ஒன்று. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எங்கள் நகலின் ஆயுள் ஒரு நாள். அன்று காலை ஆறு மணிக்கு ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு கேஷைக் காலி செய்திருந்தேன். அதற்குப் பிறகு முதலில் வந்தவர் யாரோ, அவருடைய பிரவுசர் தமிழ் கேட்டது. வாட்ச்மேன் தமிழ்ப் பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு வந்த எல்லோருக்கும் தமிழ்தான்.

கேஷை மறுபடி காலி செய்து, நானே ஆங்கிலத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, எட்டேகாலுக்கு "சரியாயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. கேஷ் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தினமும் நள்ளிரவில் நகல் காலாவதியாகும். உடனே வந்து கதவைத் தட்டுவது தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட். அதற்கு மொழி கிடையாது. மொழி சொல்லாமல் வருபவருக்கு ஆங்கிலம் என்று எழுதி வைத்திருந்தது நான். ஆக, மூன்று மாதமாகத் தமிழ் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம்தான் போயிருக்கிறது. பட்டனை அழுத்தினாலும் அதே கதி. வேகத்துக்காகக் குக்கியைக் கழற்றிவிடும்படி கேஷுக்குச் சொல்லி வைத்திருந்ததும் நான்தான். நாங்கள் சோதித்துப் பார்க்கும் மெஷினில் கேஷ் இல்லை. அங்கே எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் அந்த மூன்று மாதத்துக்குள் வந்து போயும் விட்டது.

உதவி மையத்துக்கு வந்த மெயில்களைக் கேட்டு வாங்கினேன். தமிழ் பட்டன் வேலை செய்யவில்லை என்று சில இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போயிருந்தது: வேறு பிரவுசரில் முயற்சி செய்யவும். ஒரு மெயிலில் இப்படி இருந்தது: 'தமிழ் என்ற இடத்தை அழுத்தினேன், மாறவில்லை. எனக்குத்தான் அழுத்தத் தெரியவில்லை போலிருக்கிறது.'

பிழை ஒன்றேதான். ஆங்கிலம் கேட்டவர்களுக்குத் தமிழ் போனபோது ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போன் வந்தது. தமிழ் கேட்டவர்களுக்கு ஆங்கிலம் போனபோது மூன்று மாதம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு பக்கத்தின் மொழி எங்கே இருக்க வேண்டும், வாசிப்பவரிடமா முகவரியிலா என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் இதை 'ரவுட்டிங்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். முகவரியில் சாய்கோட்டுக்குப் பின் 'டிஏ' என்று வந்தால் தமிழ், 'ஈஎன்' என்று வந்தால் ஆங்கிலம். இரண்டு எழுத்து, நான்கு வரி கோடு. ஆனால் இந்த இரண்டு எழுத்து முகவரிக்குள் வந்து உட்கார்ந்தது ஒரு தோல்விக்குப் பிறகு. வலையை உருவாக்கியவர்கள் முதலில் நினைத்தது வேறு.

*

வலை பிறந்த இடம் செர்ன் ஆய்வுக்கூடம். ஜெனீவாவை ஒட்டி, பிரான்சு-சுவிட்சர்லாந்து எல்லைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறது. அதன் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். அது இருக்கும் சுவிட்சர்லாந்துக்கோ தேசிய மொழிகள் நான்கு. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ தன் முன்வரைவை எழுதியது இந்தச் சூழலில். அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் செய்த ஒன்றில் மற்ற மொழிகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன என்று நமக்கு ஒரு நினைப்பு உண்டு. எழுத்துருக்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் உண்மை. மொழித் தேர்வு விஷயத்தில் அப்படியில்லை. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி நெறிமுறையின் 1.0 பதிப்பு 1996 மே மாதம் ஆவணமாக வந்தபோதே, 'எனக்கு இந்த மொழிகள் ஆகும்' என்று பிரவுசர் சொல்வதற்கான ஹெடர் அதன் பின்னிணைப்பில் இருந்தது. 1997 ஜனவரியில் வந்த 1.1 பதிப்பு அதை முறையாக உள்ளே எடுத்துக்கொண்டது.

அதில் தந்திருக்கும் உதாரணம் எனக்குப் பிடிக்கும். எனக்கு டேனிஷ் வேண்டும். இல்லாவிட்டால் பிரிட்டிஷ் ஆங்கிலம், அதற்கு 0.8 மதிப்பெண், அதுவும் இல்லாவிட்டால் எந்த ஆங்கிலமானாலும் சரி, 0.7. மனசுக்குள் இருக்கும் மொழி வரிசையைப் பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் எடுத்துக்கொண்டு போகும். சர்வர் தன்னிடம் இருப்பதைப் பார்த்துப் பொருத்தமானதைத் தரும். இதற்கு 'உள்ளடக்கப் பேரம்' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவரின் முழு மொழி விருப்பத்தையும் சொல்லிக்கொண்டு போவது அந்தரங்கத்துக்கு ஒத்துவராமல் போகலாம் என்ற எச்சரிக்கையையும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆவணங்களைப் படிக்கும்போது வரும் மரியாதை இதனால்தான்.

இதற்குப் பின்னால் ஒரு பார்வை இருந்தது. பெர்னர்ஸ்-லீ 1996இல் பொதுமையான ஆவணங்கள் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஒரு முகவரி ஒரு குறிப்பிட்ட கோப்பைத்தான் சுட்ட வேண்டும் என்பதில்லை. மொழியைக் கடந்த ஒரு படைப்பையே சுட்டலாம் என்பது அதன் சாரம். நம் பாஷையில் சொன்னால், 'திருக்குறள்' என்று ஒரு முகவரி. அதைத் தமிழர் திறந்தால் தமிழ், பிரெஞ்சுக்காரர் திறந்தால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. இரண்டு பேரும் ஒரே சுட்டியை நண்பருக்கு அனுப்பலாம். நண்பர் தன் மொழியில் படிப்பார். 1998இல் அவரே, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற பொருளில் தலைப்பு வைத்த சிறு கட்டுரையில், கோப்பின் வால், எழுதியவர் பெயர், மென்பொருளின் பெயர் என்று நாளைக்கு மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் திணிக்காதீர்கள் என்றார். முகவரி எவ்வளவு மெலிந்து இருக்கிறதோ அவ்வளவு காலம் வாழும்.

ராமேஸ்வரத்தில் சங்கு மாலை விற்கும் கடைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். வருகிறவர் முகத்தைப் பார்ப்பார், இந்தியிலோ தெலுங்கிலோ வங்காளத்திலோ ஆரம்பிப்பார். கடை ஒன்று, மொழி வருகிறவரைப் பொறுத்தது. வலையை வடிவமைத்தவர்களின் கனவு அந்தக் கடைதான். ஆனால் அதே கடைத்தெருவில், கொஞ்சம் சிவப்பாக இருந்த என் கல்லூரி நண்பனிடம் எல்லோரும் இந்தியில் பேசினார்கள். "அண்ணே நான் மதுரைண்ணே" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

*

1995இல் வந்த அப்பாச்சி சர்வர்தான் அந்தக் கனவைப் பரவலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரே பக்கத்தை மொழிக்கொரு கோப்பாக, கடைசியில் 'ஈஎன்', 'டிஈ', 'எஃப்ஆர்' என்று வால் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும். வருகிறவரின் ஹெடரைப் பார்த்து அதுவே பொறுக்கிக் கொடுக்கும். அப்பாச்சியை நிறுவியதும் வரும் மாதிரி முகப்புப் பக்கமே பல மொழிகளில் சேர்ந்து வந்தது. லினக்ஸ் விநியோகமான டெபியனின் தளம் இந்த முறையில் கட்டப்பட்டது. பிரவுசரில் மொழி விருப்பத்தை எப்படி அமைப்பது என்று விளக்க அவர்கள் தனிப் பக்கமே வைத்திருக்கிறார்கள். கொள்கைப் பிடிப்புள்ளவர்கள்.

அப்பாச்சியில் ஓர் அமைப்பு உண்டு, 'மொழி முன்னுரிமை' என்று. வருகிறவர் மொழியே சொல்லாவிட்டால் எதைக் கொடுப்பது என்ற வரிசை. கூடவே வந்த மாதிரி அமைப்பில் முதலாவதாக நின்றது ஆங்கிலம். அதன்பின் மற்றவை ஆங்கில அகரவரிசையில். யாரும் சதி செய்து வைத்ததல்ல. எதையாவது முதலில் வைத்தாக வேண்டும். நான் என் கோடில் எழுதிய வரியும் அதேதான்.

பேரம் ஏன் தோற்றது? பேசத் தெரியாதவர் சார்பில் இன்னொருவர் பேசிக்கொண்டிருந்தார், அதனால். அந்த ஹெடரை நிரப்புவது நீங்களோ நானோ இல்லை, கணினியை நிறுவியவர். நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் ஊரில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஏழு கணினிகள். ஏழிலும் அமெரிக்க ஆங்கிலம்தான், ஏனென்றால் விண்டோஸ் அப்படித்தான் வந்தது. அங்கே உட்கார்ந்து ரிசல்ட் பார்த்த எல்லோருக்காகவும் அந்த ஏழு மெஷினும் 'எனக்கு ஆங்கிலம் போதும்' என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. பிரவுசரின் அமைப்புகளுக்குள் நாலு கதவு தாண்டிப் போனால் மொழியை மாற்றலாம். அதை மாற்றத் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியும்.

இரண்டாவது காரணம் லிங்க். லிங்க் என்பது ஒரு பேச்சு. "இதப் பாரு" என்று நான் உங்களுக்குச் சொல்வது. நான் பார்த்தது தமிழில், உங்களுக்குத் திறப்பது ஆங்கிலத்தில் என்றால், நான் சொன்னது வேறு, உங்களுக்குக் கேட்டது வேறு. அம்மாவுக்கு நான் அனுப்பிய லிங்க்கை அம்மா தன் போனில் திறந்துவிட்டு, "நீ தமிழ்ல இருக்குன்னியேடா" என்று கேட்டது ஒருமுறை இல்லை.

மூன்றாவது, கேஷ். ஒரே முகவரியில் பல மொழி இருந்தால் அதைக் கேஷுக்குச் சொல்ல ஹெச்டிடிபி 1.1இல் தனி ஹெடரே உண்டு. 'வேரி' என்று பெயர். இந்தப் பக்கம் மொழிக்கு மொழி மாறும், நகலைப் பிரித்து வை என்று அர்த்தம். நான் விட்டது அந்த ஒரு வரியைத்தான்.

கடைசி அடி தேடுபொறியிடமிருந்து. கூகிளின் பக்கம் சேகரிக்கும் நிரல் வழக்கமாக மொழி ஹெடர் எதையும் அனுப்புவதில்லை. எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் மாதிரியே ஊமையாக வந்து தட்டும். மொழி சொல்லாதவருக்கு என்ன கொடுப்பீர்களோ அதைத்தான் அது பார்க்கும். மற்ற மொழிப் பக்கங்கள் அதைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை. ஒரு மொழிக்குத் தனி முகவரி இல்லாவிட்டால் அந்த மொழியில் தேடுகிறவருக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். 2011 டிசம்பரில் கூகிள், ஒரே பக்கத்தின் மொழி வடிவங்கள் எந்தெந்த முகவரிகளில் இருக்கின்றன என்று தளங்களே அறிவிப்பதற்கான குறியை விரிவாக்கியது. அதோடு பேரம் முடிந்தது. மெலிந்த முகவரியின் இடத்தில், மொழியைச் சுமக்கும் முகவரி வந்தது.

*

தமிழின் கதையில் இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழை வலையில் ஏற்றியபோது பிரச்சினை எந்த மொழி என்பதல்ல, எந்த எழுத்துரு என்பது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள், பத்திரிகைக்கு ஒன்று. சர்வரின் கண்ணுக்கு அந்தப் பக்கம் புரியாத ஆங்கிலம். தமிழ் என்று தெரிவது நம் கணினியில் அந்த எழுத்துரு இருந்தால் மட்டும். டிஸ்கி, டாப் என்று தரங்கள் வந்து சண்டை போட்டு, யூனிகோட் நிலைக்கும்வரை தமிழ்த் தளங்களின் மொழித் தேர்வு பட்டன் என்பது 'எழுத்துருவைத் தரவிறக்குக' என்ற லிங்க்தான். டேனிஷ்காரர் 0.8 மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில் நாம் கட்டம் கட்டமாகத் தெரியும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, மொழியை முகவரியில் வைப்பது என்று ஆனபின், எப்படி எழுதுவது? மொழிகளுக்கு இரண்டெழுத்துக் குறிகள் ஏற்கனவே இருந்தன, 1988இல் வந்த ஐஎஸ்ஓ 639 தரத்தில். சொல்லியலுக்கென்று உருவான சங்கதி அது. 1995 மார்ச்சில் நார்வேக்காரர் ஹரால்டு ஆல்வெஸ்ட்ராண்ட் எழுதிய ஆவணம் அந்தக் குறிகளை இணையத்துக்கு இழுத்து வந்தது. தமிழுக்கு 'டிஏ'. இதே சமயம் நாடுகளுக்கு வேறொரு இரண்டெழுத்துப் பட்டியல், ஐஎஸ்ஓ 3166. இணையப் பெயர்களின் கடைசியில் வரும் 'ஐஎன்', 'எல்கே' எல்லாம் அதிலிருந்து. இரண்டு பட்டியலும் ஒரே மாதிரி தோற்றம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. 'சிஏ' நாடானால் கனடா, மொழியானால் கட்டலான். 'ஏஆர்' அர்ஜென்டினா, அரபி. 'எஸ்வி' எல் சால்வடோர், சுவீடிஷ். மொழிப் பட்டன் பக்கத்தில் தேசியக் கொடி போடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான். தமிழுக்கு எந்தக் கொடி போடுவீர்கள்? போகிற போக்கில் ஒன்று: நாடுகள் பட்டியலில் 'டிஏ' டிரிஸ்டன் ட குன்யாவுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தெற்கு அட்லாண்டிக்கில் சில நூறு பேர் வாழும் தீவு. நம் பெயர்க்காரர்கள்.

குறிகள் மாறவும் செய்யும். 1989இல் ஹீப்ரு, யிட்டிஷ், இந்தோனேசிய மொழிகளின் குறிகளை மாற்றினார்கள். அதற்குப் பிறகு பிறந்த ஜாவா ஏனோ பழைய குறிகளையே பிடித்துக்கொண்டது. 2021இல் வந்த 17ஆம் பதிப்பில்தான் விட்டது. அதுவரை இந்தோனேசிய மொழிக்கு ஜாவாவின் குறி 'ஐஎன்'. அதை இந்தியா என்று படித்துக் குழம்பிய புரோகிராமர்களில் நானும் ஒருவன்.

*

முகவரியில் மொழியை வைத்த தளங்களில் எனக்கு மிக நேர்மையாகப் படுவது விக்கிப்பீடியா. ஆங்கிலத்தில் அது தொடங்கியது 2001 ஜனவரி 15. இரண்டே மாதத்தில், மார்ச் 16இல், ஜெர்மன் விக்கிக்குத் தனி முகவரி கொடுத்தார்கள், அன்றே கட்டலானுக்கும். தமிழ் 2003 செப்டம்பரில். விக்கிப்பீடியா மொழியைச் சாய்கோட்டுக்குப் பின்னால் வைக்கவில்லை, பெயருக்கு முன்னால், புள்ளிக்கு முன் வைத்தது. அந்த இடமாற்றத்துக்கு அர்த்தம் உண்டு. சாய்கோட்டுக்குப் பின்னால் வைத்தால் 'இந்தத் தளத்தின் தமிழ் வடிவம்' என்று ஆகும். முன்னால் வைத்தால் அது தனி வீடு. தமிழ் விக்கி ஆங்கில விக்கியின் மொழிபெயர்ப்பு இல்லை. தனி ஆட்கள், தனிச் சண்டைகள், தனி முதற்பக்கம். வெறும் முகவரியைத் தட்டினால் எந்த மொழியும் வராது. நடுவில் பூகோளம், சுற்றிலும் மொழிகளின் பெயர்கள்.

ஆனால் அங்கேயும் இரண்டெழுத்து போதவில்லை. சீன விக்கிப்பீடியா ஒன்றுதான். எழுத்து முறை இரண்டு, சொற்களும் சீனத்துக்கும் தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் மாறும். பிரிப்பதற்குப் பதில், ஒரே கட்டுரையைப் படிக்கும் நேரத்தில் மாற்றிக் கொடுக்கும் நிரலை எழுதினார்கள். எந்த வடிவம் என்பதை முகவரியில் சாய்கோட்டுக்குப் பின் வைத்தார்கள். ஆக மொழி பெயருக்கு முன்னால், அதன் வடிவம் பெயருக்குப் பின்னால். எந்த இடத்தில் எதை வைப்பது என்பதிலேயே, எது தனி மொழி, எது ஒரே மொழியின் இரு முகம் என்ற தீர்ப்பு இருக்கிறது. இந்த வேலையை நாங்கள் ஸ்பிரின்ட் பிளானிங்கில் அரை நாள் என்று போடுவோம்.

இன்னொரு பக்கம் கனடா. 1969 முதல் அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் சட்டப்படி சமம். டொரன்டோவில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு ஒரு படிவம் தேடும்போதுதான் அந்த அரசின் முகவரிகளைக் கவனித்தேன், பிறகு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அவர்களுடைய பழைய இணையப் பெயர் 'ஜிசி' புள்ளி 'சிஏ'. 'ஜிசி' என்பது கனடா அரசு என்பதன் சுருக்கம், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதே இரண்டெழுத்து. அதிர்ஷ்டம்தான். ஆனால் எல்லாப் பெயரும் அப்படி ஒத்துழைக்காது. புள்ளியியல் துறை தினமும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது, ஆங்கிலத்தில் 'டெய்லி', பிரெஞ்சில் 'கொதிதியன்'. அது இருக்கும் ஃபோல்டருக்கு எந்த மொழியில் பெயர் வைப்பது? 'டெய்லி-கொதிதியன்' என்று இரண்டையும் கோடு போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோப்பின் கடைசியில் 'ஈஎன்ஜி' அல்லது 'எஃப்ஆர்ஏ'. யாரும் உட்கார்ந்து படிக்காத ஓர் இடத்தில்கூட ஒரு மொழி இன்னொன்றின் வீட்டுக்குள் குடியிருக்கக் கூடாது என்று யாரோ ஒரு குமாஸ்தா கவலைப்பட்டிருக்கிறார். முதலில் பார்த்தபோது சிரித்தேன். பிறகு எனக்கு அந்த மெயில் ஞாபகம் வந்தது, அழுத்தத் தெரியவில்லை போலிருக்கிறது என்று எழுதியவர்.

அவர்களுடைய முகப்பு முகவரியைத் தட்டினால் பக்கம் வராது. இரண்டு பட்டன் வரும், 'இங்கிலிஷ்', 'ஃப்ரான்சே'. அங்கிருந்துதான் சாய்கோட்டுக்குப் பின் ஈஎன், எஃப்ஆர் என்று பிரிகிறது. அந்த இரண்டு பட்டனிலும் எது முதலில் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அறிவிப்புப் பலகைகளில் கியூபெக்கில் பிரெஞ்சு முதலில், மற்ற இடங்களில் ஆங்கிலம் முதலில் என்று விதி உண்டு. வலைக்கு ஏது மாகாணம்?

*

எங்கள் தளத்தைத் திருத்தும் வேலை எனக்கே வந்தது. கேஷுக்கு அந்த ஒரு வரி ஹெடரைச் சேர்ப்பதோடு விட்டிருக்கலாம். நான் முகவரியை மாற்ற வேண்டும் என்றேன். நாங்கள் பயன்படுத்தியது ஜாங்கோ. 2012 மார்ச்சில் வந்த அதன் 1.4 பதிப்பு, முகவரிகளின் தலையில் மொழிக் குறியை வைக்கும் வசதியைக் கொண்டுவந்திருந்தது. அது எல்லா மொழிக்கும் குறி வைக்கும். ஆங்கிலத்துக்கும் 'ஈஎன்'. முதன்மை மொழிக்கு மட்டும் குறி வேண்டாம் என்று சொல்லும் வழி அதில் அப்போது இல்லை. வேண்டும் என்று கேட்டவர்கள் நிறைய இருந்திருக்க வேண்டும், 2016இல் 1.10 பதிப்பில் அதற்கும் ஒரு விருப்பத்தைச் சேர்த்தார்கள். 2020 அக்டோபரில் நெக்ஸ்ட்ஜேஎஸ் தன் 10ஆம் பதிப்பில் மொழி ரவுட்டிங்கைக் கொண்டுவந்தபோது அதுவே இயல்பாகிவிட்டது: முதன்மை மொழிக்குக் குறி கிடையாது, மற்றவற்றுக்கு உண்டு.

எங்கள் லீட் பொறுமையானவர். போர்டில் நான் வரைந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ சொல்றது புரியுது. ரெண்டு மொழிக்கும் ரெண்டு முகவரி. ஓகே. ஆனா ரூட்ல யாரு நிக்கிறது?"

அதுதான் கேள்வி. சாய்கோட்டுக்குப் பின் ஒன்றுமில்லாத வெறும் முகவரி. போஸ்டரில் அச்சாவது அது, வாயால் சொல்வது அது, மற்ற தளங்கள் சுட்டுவதும் அதை. அங்கே நிற்கும் மொழிக்குப் பெயர் தேவையில்லை. அது 'தளம்'. மற்றது 'தமிழ்த் தளம்'.

கனடா மாதிரி இரண்டு பட்டன் வைக்கலாம் என்றேன். வாடிக்கையாளர் தரப்பில், "ஒரு கிளிக் ஜாஸ்தி ஆகுமே தம்பி" என்றார்கள். தமிழை ரூட்டில் வைத்து ஆங்கிலத்துக்குக் குறி வைக்கலாம் என்றேன். விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள்தானே. அந்த மீட்டிங்கில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, ஏற்கனவே அச்சடித்த லிங்க்குகள் உடைந்துவிடும் என்றார் ஒருவர். அது உண்மையான பிரச்சினைதான். முகவரிகள் மாறக் கூடாது என்று பெர்னர்ஸ்-லீ சொன்னதையே எனக்கு எதிராகச் சொன்னார்கள், அவர் பெயர் தெரியாமலே. ஜாங்கோவின் இயல்பைச் சுற்றிக்கொண்டு போக எங்கள் லீடே கொஞ்சம் கோடு எழுதினார். ஆங்கிலம் ரூட்டில் நின்றது. தமிழ் சாய்கோட்டுக்குப் பின்னால் 'டிஏ' என்று வந்து நின்றது.

தோல்வி என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டெழுத்து வந்தபிறகு வாட்ச்மேன் குழம்பவில்லை. தமிழ்ப் பக்கத்தின் லிங்க் யாருக்கு அனுப்பினாலும் தமிழிலேயே திறந்தது. தமிழில் தேடினால் எங்கள் பக்கம் வந்தது. அதற்கு முன் வந்ததே இல்லை. முகவரி பருத்துவிட்டது, அழகு போய்விட்டது, அதெல்லாம் சரி. ஆனால் கேட்பவர் யாரென்று ஊகித்து மொழி கொடுக்கும் சர்வரைவிட, தமிழ் இங்கே இருக்கிறது என்று கதவில் எழுதி வைத்த சர்வர் நாணயமானது என்றே நினைக்கிறேன். அந்த எழுத்து தமிழாக இல்லை என்பது மட்டும் உறுத்தும். 2010இல் இலங்கைக்கும் அடுத்த வருடம் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இணையப் பெயரின் கடைசியில் தமிழ் எழுத்திலேயே நாட்டின் பெயர் கிடைத்துவிட்டது. மூன்று நாடுகளின் பெயரில் ஒரே மொழி. ஆனாலும் மொழிக்கான குறி ஆங்கிலத்தில்தான், 'டிஏ'.

மாற்றம் போய் ஓரிரு மாதம் கழித்து, கிடைக்காத பக்கங்களைக் கேட்டவர்களின் பட்டியலை, அதாவது 404 லாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான குப்பை. நடுவில் சாய்கோட்டுக்குப் பின் 'டமில்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டியவை சில இருந்தன. 'டிஏ' என்பது தமிழுக்கான குறி என்று வெளியில் யாருக்குத் தெரியும்? முகவரிப் பெட்டியில் கையாலேயே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். இன்னும் கீழே ஒரு நீளமான வரி. சதவிகிதக் குறி, ஈ0, சதவிகிதக் குறி, ஏஈ, சதவிகிதக் குறி, ஏ4 என்று போய்க்கொண்டே இருந்தது. முகவரிக்குள் ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தால் பிரவுசர் இப்படித்தான் உடைத்து அனுப்பும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து. எண்ணிப் பார்த்தேன், 45 எழுத்து. அவிழ்த்தால் 'தமிழ்'.

சாய்கோட்டுக்குப் பின்னால் யாரோ தமிழ் என்று தமிழிலேயே அடித்திருக்கிறார். 'பக்கம் கிடைக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் பதில் போயிருக்கிறது.

இரண்டு வரி சேர்த்தேன். இப்படி எழுதினாலும் அப்படி எழுதினாலும் 'டிஏ'வுக்கு அனுப்பு என்று. ரிவ்யூவில் லீட் கேட்டார், "இது ரிக்வயர்மென்ட்ல இருக்கா?" லாகிலிருந்து அந்த வரியை எடுத்து அப்படியே ஒட்டி அனுப்பினேன். மாலைக்குள் மெர்ஜ் செய்துவிட்டார்.